எரியும் பாதமும் ஊமைப் பாதமும்

களுதாவளையின் கோடைகால மணலை நண்பகலில் வெறுங்காலால் ஒருமுறை மிதித்தவருக்கு, எரிவு என்னும் சொல்லின் பொருளை அகராதியிற் பார்க்கவேண்டிய தேவையில்லை. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் இடையில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் நடுவே கிடக்கும் மணற்றரை அது. அந்த மணலிலே கிணறு தோண்டி, நீர் இறைத்து, வெற்றிலைக் கொடியையும் மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியவற்றையும் வளர்த்தெடுத்தவர்கள் அவ்வூர் மக்கள். தோட்டத்து வரம்பிலும் சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயில் வீதியிலும் வெறுங்காலோடு நடந்து பழகியவர்கள். மண்ணோடு இத்துணை நெருங்கிய உறவுகொண்ட பாதங்களைப் பற்றியும், அப்பாதங்களுக்கு நீரிழிவு செய்யும் தீங்கைப் பற்றியும் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தோட்டக்காரரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவர் இன்னாரென்று சுட்டத்தக்க ஒருவரல்லர். மருத்துவ நூல்கள் தீட்டுகின்ற ஓர் உருவத்துக்கு நம்மூர்ச் சாரத்தையும் சால்வையையும் உடுத்திப் பார்க்கிறோம், அவ்வளவே. சில மாதங்களுக்குள் அவருடல் மளமளவென்று மெலிந்துவிட்டது. கன்னம் ஒட்டியது; தோளெலும்பு துருத்தியது; பழைய சட்டை வேறொருவருடையதுபோல் தொங்குகிறது. பகலில் ஓரளவு தாங்கக்கூடியதாயிருக்கும் பாத எரிவு, விளக்கணைந்தபின் உக்கிரமடைகிறது. “தணலில நிக்கிற மாதிரி இருக்கு தம்பி. போர்வை முட்டினாலும் ஏலாது” என்கிறார். படுக்கையை விட்டெழுந்து, குளிர்ந்த சீமெந்துத் தரையிற் பாதங்களைப் பதித்தவாறு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். உறக்கமின்மையாற் பசி போயிற்று. பசி போனதால் மேலும் மெலிவு. முன்னர் ஊர்ச்சபைகளிற் கலகலவென்று பேசியவர் இன்று வாசலுக்கும் வருவதில்லை.

சுற்றத்தார் பெரும்பாலும் மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு வருவர். இது புற்றுநோய், மறைக்கிறார்கள் என்பர் சிலர். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்பர் வேறு சிலர். மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிறவூரார் நம்மை வேடிக்கை பேசுவதுண்டு. இங்கோ பாயோடு ஒட்டவும் முடியாமல், பாயைத் தொடவும் முடியாமல் ஒருவர் தவிப்பதைக் காணும்போது மாந்திரீகத்தின் மீது எண்ணம் செல்வது இயல்பே. மூன்றாவது முடிவுதான் மிகவும் ஆபத்தானது. “வைத்தியசாலையிலே ஊசி போடத் தொடங்கிய பிறகுதான் இவ்வளவும் வந்தது, அதை நிற்பாட்டுங்கள்” என்பதே அது.

இம்மூன்றும் பிழையென்பதை உணர்த்த வேண்டும். அதற்குமுன், மூன்றாவதில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தத் துளியை ஒளித்துவைத்துவிட்டுச் சொல்லும் அறிவுரையை நோயாளர் நம்பமாட்டார்.

*நோயின் பழமை*

சலரோகம், சீனி வருத்தம், மதுமேகம், நீரிழிவு என்று பல பெயர்களால் நாம் அழைக்கும் இந்நோய் பாதங்களைத் தாக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. சரகரின் பெயரால் வழங்கும் பண்டை ஆயுர்வேத நூல், இந்நோய் முற்றுவதற்கு முன்னரே தோன்றும் குறிகளுள் கைகால்களின் மரத்தலையும் எரிவையும் ஒருங்கே சேர்த்துச் சொல்கிறது. மரத்தலும் எரிவும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். ஆயினும் அவை ஒரே பாதத்தில் ஒன்றாக வாழக்கூடியவை என்பதை அந்தப் பழைய வைத்தியர்கள் கண்டிருந்தனர்.

மேனாட்டில் இத்தொடர்பு தெளிவாக நெடுங்காலம் சென்றது. நரம்பிலே கோளாறு ஏற்படுவதாலேயே நீரிழிவு வருகிறது என்று எண்ணியிருந்த காலமும் உண்டு. உண்மை நேர்மாறானது, நீரிழிவே நரம்பைக் கெடுக்கிறது என்று 1864 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் மார்ஷால் தெ கல்வி என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1880களில் இலண்டன் மருத்துவர் பிரெடரிக் பேவி, நீரிழிவாளரின் கால்வலி இரவிலே மிகும் தன்மையை விவரித்தெழுதினார். களுதாவளையின் தோட்டக்காரர் சீமெந்துத் தரையிற் கழிக்கும் இரவு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அண்மையான மருத்துவப் பதிவுடைய இரவு எனலாம்.

*பாதம் முதலிற் பாதிக்கப்படுவது ஏன்?*

நம்முடலின் நரம்பிழைகளுள் மிக நீண்டவை, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதிக்கு அருகே தொடங்கிக் கால்விரல் நுனிவரை செல்பவை. வளர்ந்த ஒருவரில் அவற்றின் நீளம் ஏறத்தாழ 1 மீற்றர். அவ்வளவு நீண்ட இழைக்கு வேண்டியவற்றையெல்லாம் அனுப்பிவைப்பது, அதன் தொடக்கத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கலம். நீண்ட வாய்க்காலில் நீர் குறையுமாயின் முதலிற் காய்வது கடைசி வயலன்றோ? மிகையான சீனி நரம்பிழையையும் அதற்குக் குருதி ஊட்டும் நுண்ணிய நாளங்களையும் ஆண்டுக்கணக்கில் நலியச் செய்யும்போது, முதலிற் பட்டுப்போவது விரல் நுனியே. அங்கிருந்து கேடு மேலேறுகிறது. இரு கால்களிலும் ஒத்து ஏறுகிறது. முழங்காலை அண்மிக்கும் வேளையிற் கைவிரல்களையும் தொடுகிறது. காலுறையும் கையுறையும் அணிந்த இடங்கள் போல நோயின் எல்லை அமைவது இதனாலேயே.

சேதமுற்ற இழை இருவகையாக நடந்துகொள்ளும். ஒன்று, செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும், அது மரத்தல். மற்றது, செய்தி எதுவும் இல்லாதபோதும் செய்தி அனுப்பும்; அது எரிவு. வெப்பத்தையும் வலியையும் மூளைக்கு உணர்த்தும் மெல்லிய இழைகள் நைந்துபோகையில், தீ இல்லாமலே தீயென்று அலறுகின்றன. பாதத்தைத் தொட்டுப் பார்த்தாற் குளிர்ந்திருக்கும், நோயாளரோ தணலென்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நரம்பே பொய் சொல்கிறது.

மெலிவுக்குக் காரணம் வேறு. இன்சுலின் போதாதபோது, குருதியிற் சீனி நிறைந்திருந்தும் தசைக் கலங்கள் அதனைத் தக்கவாறு பயன்படுத்தமாட்டா. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் திறவுகோல் தொலைந்துபோன வீட்டின் நிலை அது. வீட்டார் பட்டினி, நெல்லோ வழிந்து வெளியே ஓடுகிறது. ஒரு நாளில் 100 கிராம் சீனி சிறுநீரோடு கழியுமாயின் ஏறத்தாழ 400 கலோரிச் சக்தி வீணாகிறது. பசித்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் தானே எரித்துத் தின்னத் தொடங்குகிறது. இதனோடு வலியும் உறக்கமின்மையும் உணவில் வெறுப்பும் சேரும்போது, பார்ப்போர் அஞ்சும் மெலிவு உண்டாகிறது.

*மீண்டவர்களின் சான்று*

கடும் வலியும் கடும் மெலிவும் ஒருங்கே வரும் இந்நிலையைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர், நியூயோர்க்கின் மவுண்ட் சினாய் வைத்தியசாலையைச் சேர்ந்த மக்ஸ் எலன்பேர்க். 1974 ஆம் ஆண்டில் அவர் ஆறு ஆண் நோயாளரைப் பற்றி எழுதினார். அவர்களுடைய நீரிழிவு மிதமானது. மெலிவோ மிகக் கொடியது. இரு பக்கமும் ஒத்த நரம்பு வலி, பசியின்மை, ஆழ்ந்த மனச்சோர்வு, ஆண்மைக் குறைவு ஆகியன எல்லாரிடத்தும் காணப்பட்டன. பார்த்தவுடன், உள்ளே எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கிறது என்றே எந்த வைத்தியரும் ஐயுறுவார். ஆனால், ஏறத்தாழ ஓராண்டு காலத்தில் அவர்கள் தேறினர்.

1983 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஆச்சரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய ஒன்பது நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர். அவர்களும் ஆண்களே. திடீர் மெலிவும், உடை தொட்டாலும் தாங்கமுடியாத எரிவும், மனச்சோர்வும் அவர்களிடமும் இருந்தன. குருதிச் சீனியைச் செவ்வனே கட்டுப்படுத்தியபோது உடலெடை திரும்பியது. கடுமையான வேதனை 10 மாதங்களுக்குள் அனைவருக்கும் தணிந்தது. பின்னர்ச் சில ஆண்டுகள் கவனித்தபோதும் அது மீளவில்லை. எடை கூடத் தொடங்கியதே நோய் திரும்பிப் போவதன் அறிகுறியாக இருந்தது.

இச்செய்தியை மருத்துவ ஏடுகளுக்குள் அடைத்து வைத்திருப்பது தகாது. வாசலுக்கு வராமல் உள்ளறையில் முடங்கியிருக்கும் அந்த மனிதரிடம் போய், “இது சாவின் முன்னறிவிப்பு அன்று, இது பெரும்பாலும் ஓராண்டளவில் தணியும் நோய், உம்மைப்போல் மெலிந்தவர்கள் மீண்டு வந்திருக்கிறார்கள்” என்று சொல்லவேண்டும். வலியை அதன் கால எல்லை தெரிந்து தாங்குவது ஒன்று. முடிவே இல்லையென்று எண்ணித் தாங்குவது முற்றிலும் வேறு. வலிக்கு மருந்து தருமுன்னரே கொடுக்கக்கூடிய மருந்து இந்த ஒரு சொல்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, மெலிவையெல்லாம் நீரிழிவின் தலையிற் சுமத்தலாகாது. சயரோகம், புற்றுநோய், கேடயச் சுரப்பியின் கோளாறு முதலியன இல்லையென்று வைத்தியர் சோதித்துத் தெளிதல் வேண்டும். நீரிழிவுக்கு நாம் பெரிதும் உட்கொள்ளும் மெற்போமின் மாத்திரை, பல ஆண்டுகள் தொடரும்போது உடலின் பி12 உயிர்ச்சத்தைக் குறைக்கவல்லது. அக்குறைவும் இதே மரத்தலையும் எரிவையும் தரும். மரக்கறி உணவு மட்டும் கொள்வோர் இதனை மறத்தலாகாது. இரண்டாவது, மெதுவாக ஆண்டுக்கணக்கில் வளரும் நாட்பட்ட நரம்புவலி வேறு. திடீரென வந்து தணியும் இந்நிலை வேறு. முன்னையது முற்றாக நீங்காமல் நிலைத்துவிடுவதும் உண்டு; அதனைத் தணிக்கலாம், வேகத்தை அடக்கலாம். உரிய காலத்திற் சீனியைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு பெரும் பயன் தருமென்பதை 1993 ஆம் ஆண்டில் வெளிவந்த வட அமெரிக்கப் பேராய்வு நிலைநாட்டியது. இளமையில் வரும் முதல் வகை நீரிழிவாளரிடத்தே, கண்டிப்பான கட்டுப்பாடு நரம்புக் கேட்டை ஏறத்தாழ 60 வீதம் குறைத்தது.

*ஊசிமேற் பழி*

இனி, ஊர் சொன்ன மூன்றாவது காரணத்துக்கு வருவோம்.

1922 சனவரியில் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்குமுன் அத்தகைய சிறுவர்கள் மெலிந்து மெலிந்து மாண்டனர், அதற்குப்பின் வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் மருந்துகளுள் அதற்கு நிகரானவை சிலவே. ஆனால் 1933 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து மருத்துவர் கரவாட்டி ஒரு புதிரைப் பதிவுசெய்தார். இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் ஒரு நோயாளருக்குக் கால்களிற் கடும் எரிவு தோன்றியது. அதற்கு அவர் இட்ட பெயர் இன்சுலின் நரம்பழற்சி.

பின்னைய ஆய்வுகள் இப்புதிரை விடுவித்தன. குற்றம் இன்சுலினுடையதன்று, வேகத்தினுடையது. நெடுங்காலம் மிக உயர்ந்திருந்த சீனி சில வாரங்களுக்குள் மளமளவென்று இறங்குமாயின், மாத்திரையாலோ ஊசியாலோ கடுமையான பத்தியத்தாலோ எவ்வாறு இறங்கினும், சிலருக்கு மெல்லிய நரம்பிழைகள் கொந்தளிக்கின்றன. 2015 ஆம் ஆண்டில் கிபன்ஸ், பிரீமன் என்னும் பொஸ்ரன் மருத்துவர் இருவர் இதனை அளந்து காட்டினர். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனையின் அளவு, 3 மாதங்களுக்குள் 2 புள்ளிக்கு மேல் இறங்கும்போது இவ்வலி தோன்றும் வாய்ப்பு உண்டு. இறக்கம் மிகமிக வாய்ப்பும் மிகுகிறது. அவ்வேளையிற் கண்ணின் விழித்திரையும் பாதிப்புறலாமாதலால் கண்ணையும் சோதிப்பிக்க வேண்டும்.

எனவே, “ஊசி தொடங்கியபின் வந்தது” என்று நோயாளரின் மனைவி சொல்வது மூடநம்பிக்கையன்று, கூர்ந்த கவனிப்பு. அவர் கண்டது சரி. அதிலிருந்து எடுத்த முடிவே பிழை. ஊசியை நிறுத்தினாற் சீனி மீண்டும் ஏறும், மெலிவு தொடரும், தணிய வேண்டிய நோய் தணியாது. செய்யத்தக்கது, கண்டதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்வதும், கட்டுப்பாட்டை விடாமல் அதன் வேகத்தைப் பற்றி அவரோடு ஆராய்வதுமே. “ஊசி வேண்டாம்” என்பதற்கும் “மெல்ல மெல்ல” என்பதற்கும் இடையிலே ஓர் உயிரின் தூரம் இருக்கிறது.

வலியைத் தணிக்கவும் மருந்துகள் உண்டு. கடையில் எளிதாகக் கிடைக்கும் வலி மாத்திரைகள் இந்த எரிவுக்குப் பெரிதும் உதவுவதில்லை. அவற்றுட் சில நீரிழிவாளரின் சிறுநீரகத்துக்குத் தீங்கும் செய்யும். நரம்பின் கூச்சலைத் தணிப்பன வேறு மருந்துகள்: அமிற்றிப்ரிலின், டுலொக்செற்றின், கபபென்ரின், பிரிகபலின் முதலியவை. இவற்றுட் சில மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் வழங்குபவையாதலின், “எனக்குப் பைத்தியமா?” என்று கேட்டு மருந்தை எறிந்துவிடுவோர் உளர். அந்த ஐயத்தை முன்கூட்டியே நீக்குவது மருந்து கொடுப்பவர் கடமை. மேலும், வலியோடு வரும் மனச்சோர்வு தானே ஒரு நோய். “வாழ்ந்தது போதும்” என்று ஒருவர் சொல்வாராயின் அதனை வெறும் சலிப்பென்று தள்ளாமல் உடனே வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

களுதாவளைத் தோட்டங்களில் விளையும் மிளகாய்க்கும் இங்கு ஓர் இடமுண்டு என்பது வியப்பான செய்தி. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் என்னும் பொருள், சூட்டை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் தட்டுகிறது. அவ்வாயிலை 1997 ஆம் ஆண்டிற் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அளவறிந்து செய்த கப்சைசின் பூச்சு, நாளடைவில் அந்நரம்பு முனைகளை ஓயச் செய்து எரிவைக் குறைக்கிறது. இதனைப் படித்துவிட்டு எவரும் பச்சை மிளகாயை அரைத்துப் பாதத்திற் பூசிவிடலாகாது. புண்ணுக்கு அதுவே வழியாகும்.

*வலிக்குத் தமிழ்ச் சொல்*

தமிழாசிரியர்களும் இலக்கிய அன்பர்களும் இவ்விடயத்தில் ஆற்றக்கூடிய பணியொன்று உண்டு. வலியை அளக்கும் கருவி இன்றளவும் நோயாளரின் சொல்லே. எரிவு, கடுப்பு, உளைவு, குத்து, விறைப்பு, மரத்தல், கூச்சம், ஊரல், சுளீரென்ற வெட்டு என்று தமிழில் எத்தனை வேறுபாடுகள்! எரிவும் சுளீரென்ற வெட்டும் நரம்பிலிருந்து வருபவை. நடந்தாற் கெண்டைக்காலிற் பிடித்து, நின்றால் விடும் கடுப்புக் குருதியோட்டக் குறைவைக் காட்டலாம். பஞ்சிலே நடப்பது போன்றிருக்கிறது என்பார் உணர்விழப்பைச் சொல்கிறார். இவை யாவற்றையும் “கால் வருத்தம்” என்ற ஒரே தொடராற் சொல்லிவிட்டுத் திரும்பும் நோயாளருக்கு, உரிய மருந்து கிடைப்பது அரிது.

1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தம் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; கலைச்சொற்களைத் திரட்டினார். கடல்கடந்து வந்த ஒருவர் அன்று உணர்ந்த தேவை இன்றும் நீங்கவில்லை. வகுப்பறையில் மாணவர் தம் பாட்டனாரின் வலியைத் தெளிவாக விவரித்தெழுதப் பயில்வாராயின், அக்கட்டுரை ஒருநாள் மருத்துவமனையிலும் பயன்படும்.

*பேசாத பாதம்*

இதுவரை கூறியது எரியும் பாதத்தைப் பற்றி. அது அழுகிறது; ஆகவே கவனிக்கப்படுகிறது. அழாத பாதத்தின் கதையே பெரிதும் அஞ்சத்தக்கது. நாட்பட்ட நோயில் எரிவு அடங்கிப் பாதம் மௌனமாகும்போது, “குணமாகிவிட்டது” என்று வீடு மகிழ்கிறது. சிலரிடத்தில் அது குணமன்று, நரம்பின் மரணம்.

இவ்வுண்மையை உலகுக்கு ஐயமற உணர்த்தியவர் நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவர். 1914 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கொல்லிமலையில், ஆங்கிலேய மிசனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் போல் பிராண்ட். 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து தொழுநோயாளரின் கைகால்களுக்கு அறுவை மருத்துவம் செய்தார். தொழுநோய் தசையைத் தின்று விரல்களை உதிர்க்கிறது என்று அக்காலத்திற் பெரிதும் நம்பினர். பிராண்ட் கண்டதோ வேறு. உணர்விழந்த கை கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குகிறது. உணர்விழந்த கால் முள்ளை மிதித்தபடியே நடக்கிறது. உறங்கும்போது எலி கடித்தும் நோயாளர் விழிப்பதில்லை. விரல்களை அழித்தது தொழுநோய் நேரே அன்று, வலி இல்லாமையே. வலியை ஒரு கொடை என்று அவர் பிற்காலத்தில் எழுதியமைக்கு அடிப்படை இதுதான்.

1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற அவரும் அவர்தம் துணைவரும், அதே பாடத்தை நீரிழிவாளரின் பாதத்துக்குப் பொருத்தினர். இன்று உலகெங்கும் பாதத்தின் உணர்வைச் சோதிக்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழையைப் பயன்படுத்துகின்றனர். அந்த இழையின் தொடுகையை உணராத பாதம் காவலற்ற பாதம் என்ற அளவுகோல் கார்விலின் ஆய்வுகளில் உருப்பெற்றது. கண்ணை மூடிக்கொண்டு, “இப்போது தொடுகிறதா?” என்ற கேள்விக்கு விடை சொல்வது மட்டுமே நோயாளரின் வேலை. சில நிமிடங்களே எடுக்கும் சோதனை.

நம் மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில், தொழுநோயாளருக்கான வைத்தியசாலை பல தசாப்தங்களாக இருந்துவந்தது. உணர்விழந்த பாதம் எவ்வாறு அழியும் என்பது இவ்வாவிக் கரையினருக்குத் தெரியாத செய்தியன்று. அதே அழிவு, தீவுக்கு அனுப்பப்படாமல், நம் வீட்டு விறாந்தையிலேயே சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கிறது என்பதைத்தான் நாம் இன்னும் உணரவில்லை.

எத்தனை வீடுகளில்? 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பெரும் ஆய்வு, 20 வயதைக் கடந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு உண்டென்றும், அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் தமக்கு நோயிருப்பதை அறியாதிருந்தனரென்றும் காட்டியது. போர்க்காலமாதலின் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை. நாட்டின் கணக்கு எழுதப்பட்ட வேளையில் நம்மவர் பாதங்கள் கணக்கிற்கு வெளியே நின்றன.

வெறுங்கால் நடை நமக்குப் பக்தியோடும் பிணைந்தது. கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரையினர் ஆண்டுதோறும் இக்கரையோரப் பாதையால் நடக்கின்றனர். அம்மன் கோயில்களில் தீமிதிப்போர் உளர். இவற்றை ஏளனம் செய்வது எம் நோக்கமன்று. ஆனால் உணர்விழந்த பாதத்தோடு கொதிக்கும் தாரில் நடப்பவர், கொப்புளம் எழுந்ததை மாலையிலே குருதியைக் கண்டுதான் அறிவார். வேண்டுதல் வைக்குமுன் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டுவது தெய்வநிந்தையாகாது.

வீட்டிலே செய்யத்தக்கவை எளியவை. நாள்தோறும் மாலையிற் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, உள்ளங்காலை உற்றுப் பார்த்தல். குனிய இயலாதவர் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்த்தல், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுதல். வெந்நீரின் சூட்டைக் காலால் அன்றி, வீட்டிலுள்ள வேறொருவர் கையாற் பார்ப்பித்தல். தோட்டத்துக்கும் செருப்பணிந்து செல்லுதல், அணியுமுன் உள்ளே கல்லோ முள்ளோ கிடக்கிறதா என்று தடவிப் பார்த்தல். ஆணிக்காலை அலகாற் செதுக்காதிருத்தல். வலிக்காத புண்ணையே முதலில் வைத்தியரிடம் காட்டுதல். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை இவ்வூருக்கு அண்மையில் உள்ளது. அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவம் இலவசம். குறைவது, காலை நீட்டிக் காட்டும் வழக்கம் ஒன்றே.

மெலிந்த தோட்டக்காரரிடம் திரும்புவோம். ஊசியை நிறுத்தாமல், வேகத்தை அளந்து, உண்ண வைத்து, உறங்க வைத்து, “இது போகும்” என்று நாள்தோறும் சொல்லி அவரைக் காத்திருக்கச் செய்தால், ஒரு காலையில் அவருடைய சட்டை சற்றே பொருந்தத் தொடங்கும். பின்னொரு நாள் வெற்றிலைத் தோட்டத்துக்குச் செருப்போடு நடந்து சென்று, நண்பகலில் ஒரு கணம் செருப்பைக் கழற்றி மணலிற் காலூன்றி, “அப்பா, என்ன சூடு!” என்று அவர் காலை இழுத்துக்கொள்வாராயின், அருகில் நிற்பவர்கள் மகிழலாம். அவருடைய நரம்பு மீண்டும் உண்மை பேசுகிறது.